வெள்ளைப்படுதலும் பரிசோதனையும்

(மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வெள்ளைப்படுதலை உடற்சூடென்று கூறி வாளாவிருக்கும் வழக்கம் நம்மவருள் இன்னும் ஒழியவில்லை. சிறிதளவு படுதல் இயற்கையே. நிறமும் வாடையும் மாறி, அரிப்புந் தோன்றுமாயின் அது நோயின் குறியாகும்.

குறிகளைக் கேட்டே மருந்தளிப்பது ஒரு முறை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் வகுத்த பச்சைப் பொதியில் செக்னிடஸோல் 2 கிராமும் புளூகோனஸோல் 150 மில்லிகிராமும் அமைந்தன. நெடுந்தூரம் நடந்து வருபவள் அன்றே மருந்து பெற்றுச் செல்வாள். இஃது இம்முறையின் நன்மை.

ஆயினும் குறிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். மீன்வாடை பாக்டீரியப் பெருக்கத்தாலும் வரும், ட்ரைகோமோனாஸ் கிருமியாலும் வரும். இவ்விரண்டிலும் அமிலத்தாளின் அளவு பெரும்பாலும் 4.5க்கு மேற்படும், கேண்டிடா என்னும் காளானில் பெரும்பாலும் மேற்படாது. மைக்ராஸ்கோப்பு இவற்றைப் பகுத்துக் காட்டும். இவை பெருஞ் செலவின்றிச் செய்யத்தக்கவை.

கிளமிடியாவோ பெரும்பாலான பெண்களிடம் குறியே காட்டாது. குறியில்லாதவளைக் குறிகேட்டு எங்ஙனம் அறிவது? அது கருக்குழாயை அடைத்துப் பிள்ளைப்பேற்றையுந் தடுக்கக்கூடும். அதனைக் காண்பது பரிசோதனைச்சாலையே. இவ்வாறு துன்புற்றவளையன்றோ நாம் மலடியென்று தூற்றுகின்றோம்!

ஆதலின், பரிசோதனைக்கு வசதியில்லாவிடத்து மருத்துவர் தரும் மருந்தை மறுக்கற்க. வசதியுள்ளவிடத்துப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுக. ட்ரைகோமோனாஸோ கிளமிடியாவோ கண்டால் கணவனும் உடன் சிகிச்சை பெறுதல் வேண்டும். நாணம் நோயைத் தீர்க்காது.