பெல்ட் மாத்த நாமே போதும்



சத்துணவு சாப்பிடுற பிள்ளைகளுக்கு அரசு தர்ற 4 செட் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான் தைக்குது. தையல்ல கூலி பீஸுக்குத்தான். பவர் மிஷின்ல பெல்ட் அறுந்து, ஊட்டியிலிருந்து கிளென்மார்கனுக்கு மெக்கானிக் வர ரெண்டு நாள் ஆனா, ரெண்டு நாள் கூலியும் போச்சு. அதனால இந்த வேலையை நாமே கத்துக்கணும்.

வீட்டு மிஷினோட தோல் பெல்ட் தொய்ஞ்சா, வெட்டிக் கொக்கி போடுவோம். பவர் மிஷினோட ரப்பர் பெல்ட்டை அப்படிச் செய்ய முடியாது. பழைய பெல்ட்டில் அச்சடிச்ச நம்பரைப் பார்த்து அதே அளவு வாங்கணும்.

முதல்ல சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்குங்க. கிளட்ச் மோட்டார் அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் சுத்தும். முழுசா நின்ன பிறகே கை வைக்கணும். பெல்ட் கவரைக் கழற்றி, மேஜைக்கு அடியில மோட்டார் நட்டைத் தளர்த்தி, மோட்டாரைச் சற்றுத் தூக்கினா பெல்ட் கழண்டு வரும். புதுசை மேஜை ஓட்டை வழியா விட்டு ரெண்டு புல்லியிலும் மாட்டுங்க. புல்லி ரெண்டும் நேர்கோட்டில் இருக்கணும். கோணலா இருந்தா பெல்ட் ஓரம் தேயும்.

மோட்டாரை இறக்கினா பெல்ட் இறுகும். நடுவில் விரலால் லேசா அழுத்தினா, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போகணும். அதுக்கு மேல தொய்ஞ்சா கெட்டித் துணியில் மிஷின் திணறும், ரப்பர் கருகுற வாடை வரும். ரொம்ப இறுகினா பேரிங் சூடாகித் தேயும். நட்டை முறுக்கி, கவரை மாட்டிட்டுத்தான் ஓட்டணும். முந்தானை சிக்கினா ஆபத்து. புது பெல்ட் சில நாளில் கொஞ்சம் நீளும், திரும்ப ஒருமுறை பாருங்க.

ஒவ்வொரு குழுவும் ஒரு பெல்ட்டும் ஒரு ஸ்பேனரும் வாங்கி வைங்க. நம்ம கூலி நம்ம கையில நிக்கும்.