வேரிற் புகும் கள்வன்



யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரிக் கரையிலே அமைந்த கொழும்புத்துறையில், ஒரு வளவிலுள்ள மாமரத்தை அண்ணாந்து பார்ப்போமாக. மாவிலைக்கு நடுவே வேறோர் இலைக்கொத்துத் தோன்றும். அதுவே குருவிச்சை. அதன் பழத்தையுண்ட குருவி, பசைகொண்ட விதையை மாங்கொம்பிலே விட்டுச் செல்லும். விதை முளைத்துப் பட்டையைத் துளைத்து, மரத்தின் நீரை உறிஞ்சும். ஆயினும், அதற்குப் பச்சை இலையுண்டு. தனக்கு வேண்டும் உணவிற் பெரும்பகுதியை அது தானே சமைத்துக்கொள்ளும். ஆகலின் அதனை அரைக்கள்வன் எனலாம்.

முழுக்கள்வன் நிலத்தின் கீழே இருக்கின்றான். தாவர நூலார் அவனை ஒரோபாங்கி என்பர். தமிழ்நாட்டுப் புகையிலைத் தோட்டங்களில் அதன் இனமொன்று புகையிலைக் காளான் என வழங்கும். உண்மையில் அது காளானன்று. பூத்துக் காய்க்கும் செடியே. பச்சையம் இன்மையால் நீர், உப்பு, சர்க்கரை யாவற்றையும் அயற்பயிரின் வேரிலிருந்தே கவர்கின்றது.

இதன் உறவினமொன்று சூரியகாந்தியைப் பற்றுவது. உருசியா, உக்கிரேன், உருமேனியா, துருக்கி, இசுப்பானியா முதலிய நாட்டுக் கமக்காரரை அது நெடுங்காலமாக வருத்துகின்றது. பற்றப்பட்ட செடி குன்றும், பூத்தட்டுச் சிறுக்கும், மணி பதராகும். தாக்கம் மிகுந்த வயலிலே விளைவிற் பாதிக்கு மேலும் அழிவதுண்டு.

இதன் விதை தூசினும் நுண்ணியது. அரை மில்லிமீற்றர் நீளமும் இல்லாதது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளைச் சிந்தும். அவை மண்ணிற் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும். உரிய பயிரின் வேர் அணுகினாலன்றி விழிக்கமாட்டா. வேர் அணுகியதை அவை அறிவதெங்ஙனம்? வேர் கசியவிடும் பொருள்களாலே. அத்தகைய பொருளொன்று 1966ஆம் ஆண்டு பருத்தி வேர்க்கசிவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. வேருக்குப் பொசுபரசு தேடித்தரும் நன்மைசெய் பூஞ்சணத்தை அழைக்கவே பயிர் இவ்வகைப் பொருள்களை விடுகின்றதென 2005இல் யப்பானிய அறிஞர் கண்டனர். நண்பனை அழைத்த குரல் கள்வன் செவியிலும் விழுந்துவிடுகின்றது!

தாங்கி வளரும் சூரியகாந்தி இனங்களை அறிஞர் தோற்றுவித்தனர். களையோ அவற்றையும் வெல்லும் புதுப்பிரிவுகளாய்த் திரிந்தது. அப்பிரிவுகளை ஏ, பி, சி என எழுத்திட்டு வழங்குகின்றனர். எழுத்து இன்னும் நீண்டுகொண்டே செல்கின்றது. ஆகலின் நல்லினத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

கமக்காரர் செய்யத்தக்கது யாது? களை மண்ணுக்கு மேலே தோன்றுமுன்பே அந்தப் பயிருக்குரிய கேடு பெரும்பாலும் முடிந்துவிடும். அப்படியாயின் பிடுங்கிப் பயனென்ன என்று சோர்தலாகாது. பிடுங்குவது இவ்வாண்டுப் பயிருக்காகவன்று. வரும் ஆண்டுகளின் மண்ணுக்காக. விதை முற்றுமுன் பிடுங்கி எரித்தல் வேண்டும். மாட்டுக்கு இடலாகாது, விதை சாணத்தோடு மீண்டும் தோட்டம் புகும். புகையிலை நிலத்தில் எள்ளை மாற்றிப் பயிரிடுதல் நன்று. எள் வேர் களைவிதையை முளைக்கத் தூண்டும். பற்ற இடங்கொடாமையால் முளை பட்டொழியும்.

எல்லாவற்றிலும் மேலானது தூய விதை. துறை வழியே பண்டமும் வரும், பகையும் வரும் என்பதைத் துறைமுகத்து ஊரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அயலூரிலிருந்து வாங்கும் விதைப்பொதி அங்கீகாரம் பெற்றதா என வினவுதலும், இரவல் மண்வெட்டியைக் கழுவிய பின்னரே தோட்டத்தில் இறக்குதலும் சிறு செயல்களே. ஆயினும், ஒருவர் வேலிக்குள் விழுந்த தூசு, அயலார் பத்துப்பேரின் மண்ணைப் பல்லாண்டு கெடுக்கவல்லது. மாமரத்துக் குருவிச்சை கண்ணுக்குத் தெரியும், கொம்போடு வெட்டிவிடலாம். மண்ணினுள் உறங்கும் பகையை, அது வருமுன்னரே காத்தல் வேண்டும்.