காக்கிச் சட்டையும் கைக்குழந்தையும்

1973-இல் தமிழகக் காவல்துறையில் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 2006-இல் லத்திகா சரண் சென்னை மாநகரக் காவல் ஆணையரானார். கதவு எப்போதோ திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்கள் நிலைத்திருப்பதுதான் கடினம். காரணம் அவர்களின் திறமைக் குறைவு அல்ல. வீட்டைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் போடப்பட்ட பணி நேரமும் பந்தோபஸ்தும்தான். அதனால்தான், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்கள் பெற்றோரோ கணவர் குடும்பமோ வசிக்கும் மாவட்டத்தில் மூன்றாண்டு பணியாற்றலாம் என்ற 2024 அறிவிப்பை நான் மனமார வரவேற்கிறேன்.

காவல் வேலைக்கு நேரம் காலம் கிடையாது, ஒருவருக்குக் காட்டும் சலுகை மற்றவர் தலையில் சுமையாக விழும் என்பார்கள். சுமை விழுவது உண்மை. ஆனால் அது ஆள் பற்றாக்குறையால் வருவது, குழந்தையால் அல்ல. பயிற்சி கொடுத்து, அனுபவமும் ஏறிய ஒரு காவலர் மனம் சோர்ந்து விலகினால் இழப்பு துறைக்கும்தான். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் வாக்குமூலம் வாங்கப் பெண் அதிகாரியைத்தானே சட்டம் கேட்கிறது? மூன்றாண்டு முடியும்போது பிள்ளை பள்ளிக்கூட வாசலில் நிற்கும். இரவு ரோந்து நாட்களில் அதை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கும் துறை இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும்.