பிறர் மறையை அவர்வாய்க் கேட்டல்

பணியின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் தமிழகம் விட்டு வந்து வாழும் நமக்கு, அண்டை வீட்டார் வேறு மொழியினராகவும் வேறு சமயத்தினராகவும் இருப்பது இயல்பு. அவர்தம் மொழியைச் சில ஆண்டுகளில் பழகிக்கொள்கிறோம். அவர்தம் சமயத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ, பெரும்பாலும் அச்சமயத்தைச் சாராதார் கூறக் கேட்டதே. இக்குறையை உணர்ந்து அதற்கு மாற்றும் கண்ட ஒருவர், 1647-ஆம் ஆண்டில் ஐதராபாத் நகருக்கு வந்தார். அவர் செய்ததை இன்று சிந்திப்போம்.

அக்காலத்தில் கோல்கொண்டை அரசை ஆண்டவர் அப்துல்லா குதுப் ஷா. வந்தவர், 'தபிஸ்தானே மசாஹிப்' என்னும் பாரசீக நூலின் ஆசிரியர். 'சமயங்களின் பள்ளி' என்பது அப்பெயரின் பொருள். பார்சிகள், இந்துக்கள், யூதர், கிறித்தவர், இசுலாமியர் முதலிய பல சமயத்தாரின் கொள்கைகளை அந்நூல் தொகுத்துரைக்கிறது. ஆசிரியர் இன்னார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அவர் கைக்கொண்ட முறை தெளிவானது. யூதரைப் பற்றி அயலார் எழுதியவற்றை அவர் ஏற்கவில்லை. பகைமை கொண்டோர் கூற்றில் உண்மை திரிந்திருக்கக்கூடும் என்று ஐயுற்றார். ஐதராபாத்தில் சர்மத் என்பாரைக் கண்டு நட்புக் கொண்ட பின்னரே அப்பகுதியை எழுதினார்.

சர்மத், பாரசீக நாட்டுக் காஷான் நகரில் கற்றறிந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். எபிரேய மறைகளைக் கற்று, பின்னர் இசுலாம் தழுவி, மெய்ப்பொருளியலும் பயின்று, வாணிகராய்ச் சிந்து நாட்டுத் தட்டா நகரை அடைந்தார். அங்கே அபய சந்த் என்னும் இந்து இளைஞர் அவர்க்கு மாணாக்கரானார். யூதரின் தோராவையும் சங்கீதங்களையும் அவ்விளைஞர் தம் ஆசிரியரிடம் பாடங் கேட்டார். தோராவின் முதல் நூலாகிய ஆதியாகமத்தின் தொடக்கப் பகுதியைப் பாரசீகத்தில் பெயர்த்தார். 'தபிஸ்தான்' ஆசிரியர் அம்மொழிபெயர்ப்பைச் சர்மதுடன் ஒப்பிட்டுத் திருத்தித் தம் நூலில் சேர்த்தார். யூதராய்ப் பிறந்த ஒருவர் கற்பிக்க, இந்து ஒருவர் மொழிபெயர்க்க, மூன்றாமவர் சரிபார்த்துப் பதிவு செய்தார்!

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. சர்மத் கூறியவற்றில் அவருடைய சொந்தக் கருத்துகளும் கலந்துள்ளன என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஒருவர் சொல்லே ஒரு சமயம் முழுவதும் ஆகிவிடாது. அதனாலன்றோ, அவர் கூற்றோடு மூல நூலின் மொழிபெயர்ப்பும் உடன் வைக்கப்பட்டது போற்றத் தக்கதாகிறது!

நம் தமிழுலகிலும் இதற்கு நிகரான செய்தி உண்டு. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவர்க்குத் துணை நின்றவர், அழுத்தமான சைவராகிய ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சேறியது. பின்னர் 1854-இல் நாவலர் 'சைவதூஷண பரிகாரம்' எழுதிச் சைவத்தைப் பழித்தோர்க்கு விடையிறுத்தபோது, பண்டை யூதரின் ஆலய வழிபாட்டு முறைகளை அவ்விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டினார். நூலை ஊன்றிக் கற்றமையால் அவர் தம் சமயத்தை இழக்கவில்லை; வாதமும் வெறும் வசையாய் முடியவில்லை. பிற மறையைக் கற்பதால் நம் பிடிப்புத் தளரும் என்று அஞ்சுவோர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

எனினும், இவ்வகை நட்புறவை எல்லாக் காலமும் பொறுத்துக்கொள்வதில்லை. சர்மத் பின்னர்த் தில்லி சென்று, உபநிடதங்களைப் பாரசீகத்தில் ஆக்குவித்த இளவரசர் தாரா ஷுக்கோவின் அன்பைப் பெற்றார். 1659-இல் தாரா கொல்லப்பட்டார். 1661 அளவில், ஔரங்கசீப்பின் ஆட்சியில், சர்மதும் சமயக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தலை வெட்டப்பட்டார். தில்லி ஜும்மா மசூதியின் அருகே அவர் சமாதியை இன்றும் காணலாம். ஆனால் ஐதராபாத்தில் அவர் கற்பித்தது அழியவில்லை. 'தபிஸ்தான்' 1809-இல் கல்கத்தாவில் அச்சாகி, 1843-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

சமயங்களிடையே நல்லுறவு வளர்க்கும் பணி அந்நகரில் மீண்டும் இடம் பெற்றது. 1930-இல் இலாகூரில் தோன்றிய ஹென்றி மார்ட்டின் நிறுவனம், 1971-இல் ஐதராபாத்துக்கு வந்தது. கிறித்தவர் நிறுவிய அக்கழகம், இசுலாமியக் கல்வியையும் சமய நல்லிணக்கத்தையும் தன் பணியாகக் கொண்டது.

அன்பர்களே, நாம் அனைவரும் எபிரேயமும் அரபியும் கற்றல் இயலாது. ஆயினும் அண்டை வீட்டாரின் நோன்பைப் பற்றியோ திருநாளைப் பற்றியோ நம் பிள்ளைகள் வினவும்போது, கேள்விப்பட்டதை விடையாகக் கூறாமல், "வா, அவர்களையே கேட்போம்" என்று அழைத்துச் செல்ல நம்மால் இயலும். அவர்கள் கூறுவதைக் கேட்டு, அவர்தம் நூலையும் படித்து, நாம் கொண்ட கருத்துச் சரியா என்று மீண்டும் அவர்களையே வினவலாம். அயலூரில் வாழும் நமக்கு அத்தகைய ஆசிரியர் அடுத்த வீட்டிலேயே இருக்கிறார்.