தேத்தண்ணிக்குக் கேட்ட தோழி
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலையின் வரலாற்றை எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடிய அக்காமார் முன்வரிசையில் இருக்கிறார்கள். பேச வந்திருப்பது வைத்தியர் என்றதும், நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் வரப்போகிறது என்று சிலர் பயந்திருப்பீர்கள். அதுவும் இல்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, தனக்குப் பிடித்த ஒருவரிடம் வாய் திறந்து கேட்ட கதையைச் சொல்லப்போகிறோம். அவள் சம்மதம் தந்திருக்கிறாள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விபரங்களை மாற்றியிருக்கிறோம். அதிபர் அவர்கள் கவலைப்பட வேண்டாம், இது சீருடை போட்ட பிள்ளைகளின் கதை அல்ல. அவளுக்கு வயது 45.

1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், புத்தகப் பையும் உடுப்புப் பையுமாக வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பக்கம் நடந்த பிள்ளைகள் நாங்கள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படித்தோம். பிறகு சிதறினோம். ரொறன்ரோ, லண்டன், மெல்பேண், கொழும்பு என்று ஆளுக்கொரு திசை. அவள் ஊரில் நின்றாள். கீழே இரண்டு தங்கைகள். சாதகத்தில் எட்டில் செவ்வாய். வந்த ஓரிரண்டு பேச்சும் சீதன வீடு யாருக்கு என்ற கேள்வியில் நின்றுபோக, தங்கைகளுக்கு ஒப்பேற்றிவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொண்டு, கந்தோர் வேலையோடு இருந்துவிட்டாள். அவளுக்கென்று ஒரு விருப்பம் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் அதே கந்தோரில் வேலை செய்கிறவர். மனைவியை இழந்து ஆறு வருடம். உயர்தரம் படிக்கும் ஒரு மகள். ஒரு நாள் தன் வீட்டுக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஐந்தைக் கடதாசியில் சுற்றி இவளிடம் கொடுத்தாராம். அந்த ஐந்து மாம்பழத்தை எங்கள் வாட்ஸ்அப் குழு மூன்று கிழமை ஆராய்ந்தது. மற்றவர்களுக்கு எத்தனை? இரண்டு இரண்டு. “அப்ப என்னடி யோசிக்கிறாய்?” என்று கேட்டது ரொறன்ரோ.

அவள் யோசித்தது ‘இல்லை’ என்ற சொல்லைப் பற்றி அல்ல. “இந்த வயசிலை இவளுக்கு என்ன வந்தது எண்டு கேப்பினம். திங்கக்கிழமை அவற்றை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?” என்றாள். நியாயமான பயம். சின்ன ஊரில், சின்னக் கந்தோரில், ஒரு சொல் வெளியே வந்தால் அது எங்கேயும் போகாது, அங்கேயேதான் நிற்கும். தைரியமாய் இரு என்று கடல் கடந்து எழுதுவது எங்களுக்குச் சுலபம்.

தமிழ்ப் பாடத்தில் சங்கக் கவிதை படித்தது ஞாபகமிருக்கிறதா? தலைவி தன் விருப்பத்தைத் தலைவன் முன்னால் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது தொல்காப்பியக் களவியல் சொல்லும் மரபு. பேச்செல்லாம் தோழியின் பேச்சு. தலைவனிடம் எப்போது மணம் முடிக்கப்போகிறாய் என்று கேட்பவள் அவள்தான். செவிலித்தாயிடம் உண்மையை உடைத்து அறத்தொடு நிற்பவளும் அவள்தான். எங்களில் சிலருக்கும் அந்த வேலையில் ஆசை வந்தது. அவருடைய அக்கா கனடாவில் இருக்கிறார், ஒரு போன் எடுத்தால் விசயம் முடியும் என்றாள் ஒருத்தி.

வேண்டாம் என்று தடுத்தோம். அந்தப் போன் போன மறுநாள் அது கலியாணப் பேச்சு ஆகிவிடும். சாதகம் வரும், வீடு வரும், சித்தப்பாமார் வருவார்கள். அவளும் அவரும் மட்டும் வெளியே நிற்பார்கள். எங்கள் ஊர்த் தமிழில் ‘சுற்றித் திரிகிறாள்’ என்று ஒரு பழிச்சொல் உண்டு, ‘கலியாணம் பேசுகினம்’ என்று ஒரு மரியாதைச் சொல் உண்டு. இரண்டு பேர் இருந்து கதைத்து, ஒத்துவருமா என்று பார்ப்பதற்கு நடுவில் ஒரு சொல் இல்லை. சொல் இல்லாததால் அந்தப் படியே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு படிதான்.

முதலில் சில வரண்ட கேள்விகள் கேட்டோம். அவர் அவளுக்கு மேலதிகாரியா, கீழே வேலை செய்கிறவரா? இரண்டும் இல்லை, ஒரே தரம். வேறு எங்காவது பேச்சு நடக்கிறதா? இல்லை. ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லக்கூடிய ஆளா? ஓம். அப்படியானால் கேட்கலாம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சண்டை. லண்டன் ஒன்றரைப் பக்கக் கடிதம் அனுப்பியது. மெல்பேண் கவிதையே எழுதியது (நல்ல கவிதைதான், இம்மலரில் தனியாகப் போடலாம்). எல்லாவற்றையும் வெட்டி வெட்டி அவளே இரண்டு வசனத்துக்கு வந்தாள். “வெள்ளிக்கிழமை வேலை முடிய என்னோடை ஒரு தேத்தண்ணி குடிக்க வாறீங்களோ? வேலை விசயமாய் இல்லை.” அந்த இரண்டாவது வசனத்தை எடுத்துவிடட்டா என்று பலமுறை கேட்டாள். எடுக்காதே என்றோம். அது இல்லாவிட்டால் அவர் கோப்போடு வந்து நிற்பார், அவளும் கோப்பைப் பற்றியே கதைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

நெஞ்சு இடிக்குது, ஏதும் வருத்தமோ என்று எங்களில் வைத்தியம் படித்தவளிடம் கேட்டாள். பரிசோதித்தோம், வருத்தமில்லை. பயத்தில் அதிரினலின் சுரந்தால் எந்த நல்ல இதயமும் வேகமாய்த்தான் அடிக்கும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் கொஞ்சம் தணியும். முற்றாக அடங்கும் வரை காத்திருந்தால் ஓய்வூதியம் எடுக்கும் வயது வந்துவிடும் என்றும் சொன்னோம்.

இன்னொன்றும் செய்தோம், அது எங்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. கேட்ட அன்று அவளாகச் சொல்லும் வரை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை என்று உறுதி எடுத்தோம். கேட்காமலே விட்டாலும் ஏன் என்று கேட்பதில்லை. பிடித்துத் தள்ளிவிட்டுக் கரையில் நின்று கைதட்டுவது தோழமை அல்ல.

ஒரு புதன்கிழமை இரவு 8.20க்கு “கேட்டன்” என்று ஒரு சொல் வந்தது. அரை மணித்தியாலம் ஒன்றுமில்லை. பிறகு, “மகளோடை கதைச்சிட்டுச் சொல்லுறன் எண்டார்.” குழு இரண்டாகப் பிரிந்தது. நாசூக்காக மறுக்கிறார் என்றது ஒரு பக்கம். ‘இல்லை’ என்பதற்கு மகளைக் கேட்கத் தேவையில்லை என்றது மறுபக்கம். அவள் மட்டும் அமைதியாக இருந்தாள். “எதெண்டாலும் பரவாயில்லையடி. கேட்டிட்டன். நேற்றைக்கு நல்லா நித்திரை கொண்டன்” என்று மறுநாள் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வெள்ளி வந்தார். நல்லூரில் ஐஸ்கிறீம் குடித்தால் அரைவாசி யாழ்ப்பாணம் பார்க்கும் என்று பயந்தவள், தேத்தண்ணி முடிந்ததும் தானே பண்ணைப் பக்கம் நடப்போம் என்றாளாம். பார்த்தவர்கள் பார்த்தார்கள். அம்மாவின் காதுக்கும் போயிற்று. “தேத்தண்ணிக்குக் காசு ஆர் குடுத்தது?” என்று மட்டும் அம்மா கேட்டாராம்.

இதுவரை நான்கு தேத்தண்ணி முடிந்திருக்கிறது. அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டோம். அவள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். திரும்பிப் பார்த்துத் தேட வேண்டாம். எங்கள் வகுப்பில் வந்திருக்கும் பதினொரு பேரும் ஒரே நிறச் சேலை உடுத்தியிருப்பது அதற்காகவும்தான்.