புதியவரிடம் முதல் பேச்சு

(தொடர் கல்வி மையத்தில் பேசியது)



புதிய ஆளை முதல் முறையாகப் பார்க்கிறோம். அவர் நம்மை மதிக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம்? நல்ல துணி உடுத்தினால் போதுமா? கையைக் கட்டி, தலையைக் குனிந்து நின்றால் போதுமா? போதாது. நாம் சொல்வது அவருக்குப் புரிய வேண்டும். அவர் சொல்வது நமக்குப் புரிய வேண்டும். முதல் மரியாதை அங்கேதான் பிறக்கிறது.

நாம் இருப்பது எல்லைப் பகுதி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரள மாநிலம் உருவானது. தமிழ் பேசும் பல ஊர்கள் கேரளத்தில் அமைந்தன. கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் மூணாறிலும் மறையூரிலும் நாம் வீட்டில் தமிழ் பேசுகிறோம். வில்லேஜ் ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளம் கேட்கிறோம். இரண்டும் அக்கா தங்கை மொழிகள். சொல் ஒன்றுபோல் இருக்கும். பொருள் மாறிவிடும்.

'வெள்ளம் வேணோ?' என்று கேட்கிறார்கள். தண்ணீர் வேண்டுமா என்று பொருள். 'சம்சாரிக்கணம்' என்கிறார்கள். பேச வேண்டும் என்று பொருள். சம்சாரத்தைக் கூட்டி வரச் சொல்லவில்லை! 'ஊணு கழிச்சோ?' என்றால், சாப்பிட்டாச்சா என்று அன்பாகக் கேட்கிறார்கள். நம் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும். முகம் சுளிக்கக் கூடாது.

மரியாதைச் சொல்லிலும் வித்தியாசம் உண்டு. தமிழில் 'நீங்கள்' என்பது மரியாதை. மலையாளத்தில் 'நிங்ஙள்' என்ற சொல் இருக்கிறது. மலபார்ப் பக்கம் அதை மரியாதையாகவே சொல்வார்கள். ஆனால் தெற்கே பல இடங்களில் மூத்தவரிடமோ அதிகாரியிடமோ அப்படிச் சொன்னால், மரியாதை இல்லாத ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். நாம் மரியாதையாகத்தான் சொல்லியிருப்போம். அவர் மனம் கோணிவிடும். அதனால் 'சார்', 'மேடம்', 'சேட்டா', 'சேச்சி' என்று அழைப்பது நல்லது.

நமக்கும் இப்படித் தவறாகத் தோன்றலாம். தமிழில் சிறுவன் வந்தால் 'வந்தான்' என்போம். பெரியவர் வந்தால் 'வந்தார்' என்போம். மலையாளத்தில் இரண்டுக்கும் 'வந்நு' என்ற ஒரே சொல்தான். ஒரு நர்ஸ் நம் பாட்டியிடம், 'அம்ம எப்போள் வந்நு?' என்று கேட்கலாம். அவர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அந்த மொழியின் வழக்கமே அதுதான். யோசித்துப் பாருங்கள். இது தெரிந்தால் எத்தனை கோபம் குறையும்!

சரி, ஆபீசுக்குப் போகிறோம். என்ன பேசுவது? சிலர், 'நாங்க ஏழைங்க சார், பார்த்துச் செய்யுங்க சார்' என்று தொடங்குகிறார்கள். அவருக்கு ஒன்றும் புரியாது. நாம் பிச்சை கேட்கப் போகவில்லை. நமக்கு உரியதைக் கேட்கப் போகிறோம். மூன்று விஷயம் சொன்னால் போதும். நான் யார்? எந்த ஊர்? என்ன வேண்டும்?

'வணக்கம் சார். என் பெயர் இன்னது. மறையூரிலிருந்து வருகிறேன். வருமானச் சான்றிதழ் வேண்டும். ரேஷன் கார்டும் ஆதாரும் கொண்டு வந்திருக்கிறேன்.'

இவ்வளவுதான். முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள். அவர் சொல்வது புரியவில்லையா? தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். 'எனிக்கு மனஸ்ஸிலாயில்ல. ஒந்நு கூடி பறயாமோ?' என்று கேளுங்கள். எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று பொருள். கேட்பவரை யாரும் மட்டமாக நினைக்க மாட்டார்கள்.

மலையாளம் கற்றுக்கொள்வது நல்லது. தெரியாமல் இருப்பது குற்றமில்லை. நம் அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறை தீர்க்க மனு கொடுக்கலாம் என்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு வழி செய்திருக்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். யாராவது 'பாண்டி' என்று கேலி செய்தால் குனிய வேண்டாம். சண்டையும் வேண்டாம். வந்த காரியத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

தெளிவாகப் பேசினால் கேட்பார்களா? கேட்பார்கள். மூணாறிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அப்போது ஒரு நாள் கூலி 232 ரூபாய். போனஸ் 20 சதவீதம் இருந்தது, 10 சதவீதமாகக் குறைந்திருந்தது. அவர்கள் தங்கள் கூட்டத்துக்கு 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்று பொருள். கேரளம் முழுவதும் அவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தது. பலருக்கு அதுதான் முதல் அறிமுகம். அவர்கள் தமிழிலும், தெரிந்த மலையாளத்திலும் பேசினார்கள். கூலி, போனஸ், லயத்து வீடு என்று நேராகச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் பேச்சுவார்த்தை முடிந்தது. போனசும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது.

கடைசியாக ஒன்று. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் நம் தோட்டங்களுக்கு ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. நாம் ஆபீஸ் வாசலில் நிற்பதுபோல் அவர்கள் நம் லயத்து வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் காதில் விழும் முதல் சொல் நம்முடையது. அது கேலியாக இருக்கக் கூடாது. பெயரைக் கேளுங்கள். தண்ணீர் கொடுங்கள்.

இப்போது நோட்டை எடுங்கள். நான் யார், எந்த ஊர், என்ன வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் நிமிர்ந்து படித்துக் காட்டுங்கள்.