சாவி யார் கையில்?

(தலைப்பு: பழுதான செல்போனுக்கு ஏற்ற இடம் கம்பெனி சர்வீஸ் சென்டரா? பஸ் ஸ்டாண்டுக் கடையா? திண்டுக்கல்லில் நடந்த பட்டிமன்றத்தில் 'பஸ் ஸ்டாண்டுக் கடையே' என்ற அணியில் பேசியது.)

    

எனக்கு முன்னாலே பேசிய அம்மையார், பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரரை ஒரு வாங்கு வாங்கிவிட்டுப் போனார்கள். "டூப்ளிகேட் பேட்டரி போடுவான், வெடிக்கும், போட்டோவைத் திருடுவான்" என்றார்கள். பயந்துபோய் என் சட்டைப் பையை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். (சிரிப்பு)

அவர்களுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாலே, எங்க வீட்டுக் கதை ஒண்ணு.

எங்க அம்மா ஒட்டன்சத்திரம் பக்கத்திலே கிராமத்திலே இருக்காங்க. அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு. அப்பா பேசி அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு அம்மா போன்லே இருக்கு. பெரிசா ஒண்ணுமில்லே. "தக்காளிக்கு இன்னைக்கு நல்ல விலை. வர நேரமாகும். நீ சாப்பிட்டுட்டுப் படு." அவ்வளவுதான். தினம் ராத்திரி அதைக் கேட்டுட்டுத்தான் அம்மா படுப்பாங்க.

ஒருநாள் போன்லே சார்ஜ் ஏறலே. மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினேன். ஏசி ரூம், டோக்கன், டை கட்டின தம்பி. பத்து நிமிஷத்திலே வந்து சொன்னார்: "சார், போர்டையே மாத்தணும். பதினோராயிரம் ஆகும்." போனே பதிமூணாயிரம்தான்யா! "உள்ளே இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும். சம்மதம்னு இதிலே கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார். ஆபரேஷன் தியேட்டர் வாசல்லே நீட்டுவாங்களே, அந்த மாதிரி. பேனாவைக் கையிலே எடுத்தேன், நடுவர் அவர்களே. எங்க அப்பா குரலை அழிக்க நானே கையெழுத்துப் போடறதா? கை ஓடலே.

திரும்பி வந்தேன். நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பெட்டிக்கடை அளவிலே ஒரு கடை. கண்ணிலே லென்ஸ், கையிலே சால்டரிங் அயர்ன், ஒரு தம்பி. பிரிச்சுப் பார்த்தார். "அண்ணே, போர்டு நல்லாத்தான் இருக்கு. சார்ஜ் பின்தான் போயிருக்கு. டீ குடிச்சிட்டு வாங்க." 350 ரூபாய். அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டிலே மறுபடியும் தக்காளிக்கு நல்ல விலை! (கைதட்டல்)

டை கட்டின தம்பியை நான் குறை சொல்லலே. அவருக்கு "மாத்து"ன்னு சொல்லிக்கொடுத்திருக்காங்க. "பார்"னு சொல்லிக்கொடுக்கலே. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போ எதிரணிக்கு வர்றேன். டூப்ளிகேட் வருதுங்கறீங்க. உண்மை. ஏன் வருது? அசலைக் கடைக்காரருக்கு விக்கலே, அதனாலே வருது! இதை நான் சொல்லலே. கார் விஷயத்திலே இந்தியப் போட்டி ஆணையம் சொல்லியிருக்கு. உதிரி பாகத்தையும், பழுது கண்டுபிடிக்கிற கருவியையும் வெளி மெக்கானிக்குக் கொடுக்காம வைச்சிருந்ததுக்காக, 2014 ஆகஸ்ட் மாதம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுது. அப்பீலுக்குப் போனாங்க, அது வேறே. கார் மெக்கானிக்குக்குச் சொன்ன நியாயம், கைக்குள்ளே அடங்கற செல்போனுக்கு மட்டும் ஆகாதா?

இன்னொரு கொடுமை கேளுங்க. போனுக்கு ஜாதகம் பார்க்கறாங்கய்யா! (சிரிப்பு) ஐபோன்லே திரைக்கு ஒரு எண், கேமராவுக்கு ஒரு எண், பேட்டரிக்கு ஒரு எண். அத்தனையும் போர்டோட பொருந்தணும். ஒரு போனோட அசல் திரையைக் கழட்டி அதே மாடல் இன்னொரு போன்லே போட்டா, "சந்தேகமா இருக்கே"ன்னு அறிவிப்பு வந்துக்கிட்டிருந்துது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஆனா ஜாதகம் பொருந்தலே! ஜோசியர் யாரு? கம்பெனி. தட்சணை யாருக்கு? கம்பெனிக்கு!

அவங்களையும் கேள்வி கேட்டிருக்காங்க. வெளியிலே ரிப்பேர் பார்த்த சில ஐபோன்கள், சாப்ட்வேரை மாத்தினதும் '53-ஆம் நம்பர் பிழை'ன்னு காட்டிட்டுச் செத்துப்போச்சு. "வெளியிலே கொடுத்தீங்க, அதனாலே நாங்க பொறுப்பில்லே"ன்னு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினாங்க. 2018-லே ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுது. 2024-லே அமெரிக்காவிலே ஆரிகன் மாநிலம் இந்த ஜாதகப் பொருத்தத்துக்கு எதிரா சட்டமே கொண்டுவந்தது. அதே வருஷம் ஆப்பிளும் இறங்கி வந்து, பழைய போன்லே இருந்து எடுத்த அசல் பாகத்தைச் சேர்த்துக்க வழிவிட்டுது. கேட்டால்தான் கிடைக்கும், தாய்மார்களே!

நம்ம ஸ்ரீபெரும்புதூர்லே நம்ம வீட்டுப் பெண்பிள்ளைகள்தான் ஐபோனைச் சேர்த்து உலகத்துக்கே அனுப்பறாங்க. சேர்க்கத் தெரிஞ்ச ஊருக்குப் பிரிக்கத் தெரியாதா?

"பாதுகாப்பு, பாதுகாப்பு"ன்னு எதிரணி சொல்லுது. அய்யா, பாதுகாப்பைப் பத்தி யார்கிட்டே பேசறீங்க? இது திண்டுக்கல்! 2019-லே புவிசார் குறியீடு வாங்கின பூட்டு எங்க பூட்டு! மாங்காய்ப் பூட்டுச் செய்யற எங்க ஊர்ப் பெரியவர், லீவரை ஒவ்வொண்ணா அரத்தாலே ராவிப் பூட்டைச் செய்து முடிச்சதும் என்ன செய்வார்? வாங்கினவன் கையிலே சாவியைக் கொடுப்பார். "பூட்டு உனக்கு, சாவி எனக்கு. வீட்டைத் திறக்கணும்னா மதுரைக்கு வா"ன்னு எந்தக் காலத்திலேயாவது சொன்னாரா? (பலத்த கைதட்டல்) பூட்டு திருடனுக்காக. வீட்டுக்காரனுக்காக இல்லே!

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன். 2022-லே மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டுது. 2025 மே மாதம் இன்னொரு குழு, 'எந்தப் போனைச் சுலபமா ரிப்பேர் பார்க்கலாம்'னு விக்கும்போதே மதிப்பெண் போட்டுச் சொல்லணும்னு பரிந்துரை பண்ணியிருக்கு. பிரான்சிலே 2021-லேயே வந்தாச்சு. பிரிட்ஜ் வாங்கப் போனா நட்சத்திரம் எண்ணுறோமில்லே, அது மாதிரி. ஐரோப்பாவிலே 2025 ஜூன் முதல், புதுசா சந்தைக்கு வர்ற மாடலுக்கு, விற்பனை நின்ன பிறகும் 7 வருஷம் உதிரி பாகம் கொடுக்கணும். நம்ம பரிந்துரை பரிந்துரையாவே தூங்கிடக் கூடாது.

கம்பெனி சர்வீஸ் சென்டரை மூடச் சொல்லலே. அசல் பாகத்தையும், பழுதுபார்க்கிற விவரத்தையும் பஸ் ஸ்டாண்டுத் தம்பிக்கும் கொடுங்கன்னுதான் கேக்கறோம். எங்கே போறதுன்னு நாங்க முடிவு பண்ணிக்கறோம். காசு கொடுத்தவன் கையிலே சாவி இருக்கட்டும். எனவே, பழுதான செல்போனுக்கு ஏற்ற இடம் பஸ் ஸ்டாண்டுக் கடையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.